பாட்டு முடியட்டும்

கல்யாணமான முதல் வருஷத்தில் நானும் அவரும் விழித்திருந்து முகம் பார்த்துக்கொண்டது ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான். செல்போன் பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் என்னை எங்கள் ஊர் வடக்குப்பட்டில் இறக்கிவிடும்போது மணி மூன்றாகிவிடும். கார் சீட் தயாரிக்கும் இடத்தில் காண்ட்ராக்டில் இருந்த அவருக்கு இரண்டாம் ஷிப்ட். மூன்றரைக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் என் தாய்மாமன் மகன். யாரோ பயன்படுத்திய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு சாமுராய் வீரனின் கதை ஓடியது. வாள் சண்டைகளை அவர் ஆடுவார். இடையிடையே வரும் சின்ன விளையாட்டுகளுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. திருவிழா மேளத்துக்கு ஏற்ப, திரையில் விழும் குறிகளைப் பார்த்துப் பட்டனை அழுத்துவது ஒன்று. கிண்ணத்துக்குள் மூடிய பகடைகள் ஒற்றையா இரட்டையா என்று பந்தயம் கட்டும் சூதாட்டம் இன்னொன்று. எல்லாவற்றையும் முடித்தால் வீரனுக்கு ஒரு கறுப்பு அங்கி கிடைக்கும்.

"எனுக்கு அந்த அங்கிய மட்டும் வாங்கிக் குடுத்துடு. சண்டைய நான் பாத்துக்குறேன்" என்றார்.

தொழிற்சாலையில் நாளெல்லாம் பாகங்கள் நகர்ந்து வரும் பெல்ட்டின் வேகத்துக்குக் கையை ஓட்டிப் பழகியவள் நான். மேளம் சீக்கிரம் பிடிபட்டது. வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். ஒரு குறி தப்பினாலும் முதலிலிருந்து ஆட வேண்டிய கடைசிப் பாட்டில் மாட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

ஒருநாள் அவர் கிளம்பத் தயாராகி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்னு சொல்லணும்."

"இரு மாமா, இந்தப் பாட்டு முடியட்டும்."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து, ஒரு குறிகூடத் தப்பாத சந்தோஷத்தில் நான் திரும்பியபோது அவர் போயிருந்தார். என்ன சொல்ல வந்தார் என்று யோசிக்கவில்லை. நான் ஜெயித்ததை அவர் பார்க்காமல் போனாரே என்றுதான் வருத்தப்பட்டேன்.

மறுநாளும் வந்து உட்கார்ந்தார். நான் சூதாட்டக் கூடத்தில் இருந்தேன். அவர் வாயைத் திறக்கும்முன், "ஒத்தையா ரெட்டையா, சொல்லு" என்றேன்.

"ஒத்த."

ஒற்றையே விழுந்தது. "உனுக்கு ராசி கீது மாமா" என்றேன். லேசாகச் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரர் இருந்த லைனில்தான் வேலை செய்தான்.

"உங்க வூட்டுக்காரருக்கு வேற எங்கனா கெடச்சிதா அக்கா? எங்க வூட்ல இன்னும் அலைஞ்சிகினுதான் கீறாரு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். பத்து நாளைக்கு முன்னால் அந்த லைனையே நிறுத்தி, காண்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்களாம். அந்தப் பத்து நாளும் அவர் அதே யூனிபார்மில், அதே மூன்றரைக்குத்தான் கிளம்பிப் போனார். நான் கட்டிவைத்த சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாரோ.

அன்று டிவியைப் போடவில்லை. "ஏன் மாமா சொல்லல?" என்றேன்.

"சொல்ல வந்தேன். நீ வெளயாடிகினு இருந்த" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஒரகடத்தில் ஒவ்வொரு காண்ட்ராக்டர் ஆபீசாக ஏறி இறங்கியதையும், பொழுது போகாமல் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததையும் நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அழுதேன். "வுடு, அதான் இப்ப தெரிஞ்சிடிச்சே" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தண்டலம் பக்கம் ஒரு குடோனில் பகல் வேலை கிடைத்தது. இப்போது சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். அந்தக் கறுப்பு அங்கியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தேன். நல்லாக்கீது என்றார்.

ஆனால் எதையும் அவராக வந்து சொல்வதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். போன மாதம் வேலையில் அவர் கையில் அட்டைப்பெட்டியின் கம்பி கிழித்துத் தையல் போட்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து என் மாமியார் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.