மூணாந்தரம் கூப்பிட்டால்

பண்டமாரானில் எங்கள் வீட்டு வாசலில் யாரும் இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. அடுப்பில் கறி தீய்ந்தாலும் சரி, பார்சல்காரர் "ஆன்டி" என்று வாயெடுத்ததும் அம்மா ஓடிவிடுவாள். போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் நின்றே பெட்டி கட்டி வீங்கிய கால்கள். இருந்தும் அந்த ஓட்டம். நாங்கள் கேலி செய்வோம்.

அப்படிப்பட்ட என் அம்மா, மகதலேனா, போன மாதம் தானாகவே என்னைப் படத்துக்குக் கூப்பிட்டாள். அவள் பிறந்த எஸ்டேட்டில் சொல்லிவந்த வெந்நீர்க்காரி கதையை எடுத்திருந்தார்கள். மழை பெய்தால் பிள்ளைத்தாய்ச்சிப் பேய் ஒன்று தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் வெந்நீர் கேட்டுக் கூப்பிடும். பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூணாந்தரமும் கூப்பிட்டால்தான் மனுஷி. அதுவரை கதவைத் திறக்கக்கூடாது. படத்தில் திறந்தவன் எல்லாம் ரத்தம் கக்கிச் செத்தான். தியேட்டரே சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

வெளியே அர்ச்சனா என்ற பெண் கைப்பேசியை நீட்டி விமர்சனம் கேட்டாள்.

"ஆன்டி, படம் எப்படி?"

"பேய் சரியில்ல லா."

"ஏன், மேக்கப்பா?"

"அது பேயே இல்ல. எங்கம்மா."

பாட்டி பிரசவத்தில் இறந்தாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மாவின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"அப்பா வேலைக்குப் போயிட்டாரு. சரியான மழை. வலி எடுத்ததும் அம்மா பக்கத்து வீட்டு வாசல்ல வந்து, அக்கா, வெந்நீர் போடுங்கன்னு கூப்பிட்டுச்சு. ரெண்டு தடவை. பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும்னு அப்பவே எஸ்டேட்டுல ஒரு பேச்சு. மூணாந்தரம் கூப்பிடட்டும்னு அந்த அக்கா திறக்கல. கூப்பிடத் தெம்பில்ல, வாசல்லயே போயிருச்சு. அப்புறம்தான் இந்த வெந்நீர்க்காரி கதையக் கட்டுனாங்க. பேய்னு சொல்லிட்டா யார் மேலயும் பழி வராது பாரு."

"இதெல்லாம் யார் சொன்னாங்க ஆன்டி?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு நான் அந்த அக்கா வீட்டுக்குள்ளதான் இருந்தேன். ஏழு வயசு. மொதத் தடவை கூப்பிட்டப்பவே குரல் தெரிஞ்சிருச்சு."

மறுநாள் காணொளி வந்தது. அம்மா வருவது மூன்றே விநாடி: "பேய் சரியில்ல லா." கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணை நாலு வார்த்தை திட்டி எழுத உட்கார்ந்தேன்.

அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விடு சமந்தா. மிச்சத்தப் போடாததே நல்லது. நான் உள்ள உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்தத ஊரே பாக்கணுமா?"