கால் தூக்கி நின்ற வண்டி

பாகலூர் ரோட்டில் அருள்ஜோசப்பின் பட்டறைக்கு வருகிறவர்கள் அவன் மனைவி டெல்சியைப் பில் போடும் பெண் என்றுதான் நினைப்பார்கள். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஒயரைச் செருகினால், "வீட்டுக்காரரு இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரன் அந்த வண்டிக்கு அடியிலேயே படுத்திருப்பான். பதில் சொல்ல மாட்டான். ஒவ்வொரு முறையும் டெல்சிக்குச் சுருக்கென்று வரும். அதை விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

அவள் எலத்தகிரிக்காரி. டிப்ளமோ முடித்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் லைனில் இருந்தவள். அந்த லைனை இழுத்து மூடியபோது கையில் கொடுத்த பணத்தை வைத்து ஒரு லேப்டாப்பும், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவியும் வாங்கினாள். பெங்களூரில் ஓட்டிச் சலித்த வெளிநாட்டு வண்டிகள் கைமாறி ஓசூருக்குள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஸ்பேனரை மட்டும் நம்பி இனிப் பட்டறை நடத்த முடியாது என்பது அருள்ஜோசப்புக்கும் தெரியும். தெரிந்ததை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளும் பழக்கம்தான் அவனுக்கு இல்லை.

2008இல், ஜவளகிரிப் பக்கம் காட்டோரமாகத் தோட்டம் வைத்திருந்த ஜெகதீஷின் வண்டி வந்தது. பாறையிலும் சேற்றிலும் ஏறுகிற பெரிய வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் மேலே ரப்பரால் ஆன காற்றுப் பை. வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் இடது பக்கம் பின்னால் மெல்லப் படுத்துவிடுகிறது என்றான் டிரைவர் முனிவேல். பையில் விரிசல். அருள்ஜோசப் அதை மாற்றினான். அந்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

உயரத்தைச் சரிபார்க்கும் இடத்தில்தான் வந்தது வினை. எந்த மூலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் சென்சார்கள்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பையை மாற்றும்போது சென்சாரைக் கழற்றி மாட்டினால், நாலு மூலையையும் டேப் பிடித்து அளந்து, சரியான உயரத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். அளவு தப்பினால், கம்ப்யூட்டர் அந்தத் தப்பையே உண்மை என்று நம்பிக் காற்றை ஏற்றும்.

அருள்ஜோசப் டேப்பைத் தரையில் ஊன்றி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு வரைக்கும் அளந்தான்.

"தரையிலருந்து எடுக்காதீங்க. சக்கரத்தோட நடுவுலருந்து எடுங்க" என்றாள் டெல்சி. "அந்தச் சக்கரம் நிக்கிற எடம் குழி. நீங்க டேப்ப மேட்டுல வச்சிருக்கீங்க."

"உனக்கு முன்னாடியே வண்டி பாக்கறவன் நான். சொல்றத மட்டும் அடி."

அவன் சொன்ன அளவை அவள் அடித்தாள். அந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை நினைத்துப் பற்களைக் கடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை வண்டி திரும்பி வந்தது. பின்னாலேயே இன்னொரு காரில் ஜெகதீஷ். இறங்கும்போதே கத்தினார்.

"ஏனப்பா ஜோசப், இது வண்டியா நாயா? பின்னங்கால தூக்கிக்கிட்டு நிக்குது பாரு!"

பார்த்தால் அப்படித்தான் நின்றது. இடது பின்பக்கம் எம்பி, வலது முன்பக்கம் அமுங்கி. "தளி ரோட்டு வளைவுல எல்லாம் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டியாந்தன்" என்றான் முனிவேல்.

அருள்ஜோசப் வண்டியைச் சுற்றி வந்தான். தரையைப் பார்த்தான். டெல்சியைப் பார்க்கவில்லை.

"அளவெல்லாம் நான் சரியாத்தான் சார் எடுத்தன். கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப ஏதாச்சும் மாறியிருக்கும்."

ஜெகதீஷ் டெல்சி பக்கம் திரும்பினார். "இதுல எல்லாம் பொம்பளய எதுக்குப்பா உடுற? ஊட்ல சோறாக்கச் சொல்லு."

பட்டறையில் இருந்த ஆட்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அருள்ஜோசப் டூல் பாக்ஸைத் திறந்து, அதில் இல்லாத எதையோ தேடினான். ஜெகதீஷ் சொன்னதுகூட டெல்சிக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளை அவள் தினமும் பார்க்கிறாள். டூல் பாக்ஸுக்குள் குனிந்து கிடந்த புருஷனின் தலையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கையில் இருந்த டேப்பை அந்தத் தலையைப் பார்த்து வீசலாமா என்றிருந்தது. வாயைத் திறந்தால் அழுகையாக வெளியே வரும். இவர்கள் முன்னால் அழுவதற்குச் செத்துப்போகலாம்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக முனிவேலிடம் போனாள்.

"வண்டிய எடுங்கண்ணா. நான் சொல்ற எடத்துக்குப் போலாம்."

"ஏய், எங்க போற?" என்றான் அருள்ஜோசப். அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

பக்கத்திலேயே கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்த பூங்கொடி, டெல்சி வீட்டுக்கு எதிர் வீடு. கிரானைட் பலகைகளை அடுக்குவதற்காக அங்கே தரையை மட்டம் பார்த்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது.

"என்னடி, மூஞ்சி இப்பிடி செவந்திருக்குது?" என்றாள் பூங்கொடி.

"கேக்காத. கேட்டன்னா கத்திருவன். எடத்த மட்டும் குடு."

நாலு டயரிலும் காற்றைப் பார்த்துச் சமமாக்கினாள். முனிவேலைக் கீழே இறங்கி நிற்கச் சொல்லி, கதவுகளைச் சாத்தி, என்ஜினை ஓடவிட்டாள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து வளைவின் உதடு வரைக்கும் டேப்பைப் பிடித்தாள். முதல் மூலையைத் திரும்பத் திரும்ப அளந்தாள். 'கம்ப்யூட்டர்ல மாறியிருக்குமாம்' என்று அவள் முணுமுணுத்தது முனிவேலுக்கும் கேட்டது. அளவுகளை ஏற்றியதும் வண்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. இடது பின்பக்கம் மெதுவாக இறங்கியது. வலது முன்பக்கம் எழுந்தது. வண்டியை ஏற்றி இறக்கி, மறுபடியும் அளந்தாள். நாலு மூலையும் நிற்க வேண்டிய உயரத்தில் நின்றன.

"இப்ப நல்லாருக்குது தாயி" என்றான் முனிவேல். அவன் அதைச் சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கு அவள் யாருடனும் சண்டை போடாமலே வீட்டுக்குப் போயிருப்பாளோ என்னவோ. ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்ததும், வர வேண்டிய இடத்திலிருந்து அது வரவில்லையே என்று கோபம் இன்னும் ஏறியது.

பட்டறையில் ஜெகதீஷ் டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அருள்ஜோசப்பின் முதுகில் தட்டினார்.

"பரவால்ல ஜோசப். கடசில சரி பண்ணிக் குடுத்துட்ட."

அருள்ஜோசப் சிரித்தான். "ஆமா சார்" என்றான்.

"அவரு பண்ணல" என்றாள் டெல்சி.

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அழுகை வரவில்லை. குரல் கணீரென்று வந்தது.

"நேத்து தப்பா அளந்தது அவரு. வேணாம்னு சொன்னது நான். இன்னிக்கு வேற எடத்துல அளந்து சரி பண்ணதும் நான். காலையில சோறாக்கச் சொன்னீங்களே, இப்ப அந்த வாயால சொல்லுங்க, யாரு பண்ணதுன்னு."

ஜெகதீஷ் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார். "புருசன் பொண்டாட்டி சண்டைய நீங்களே பேசிக்குங்கம்மா." வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அருள்ஜோசப் குதித்தான். "வெளியாளு முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்ட."

"காலையில நீ என்ன பண்ண?" கல்யாணமானதிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "உன் தப்ப என் தலையில கட்டிட்டு டூல் பாக்ஸ்ல பூந்துக்கிட்டியே, அது அசிங்கமா தெரியல?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு டெல்சி அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. லேப்டாப்பை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று பட்டறை பட்டறையாகப் போனாள். எங்கே போனாலும் முதலில் புருஷனைப் பற்றித்தான் கேட்டார்கள். "புருசனப் பத்திக் கேக்கக் கூப்பிட்டீங்களா, வேலையப் பாக்கக் கூப்பிட்டீங்களா?" என்பாள். வாய் நீளம் என்று பெயர் வாங்கினாள். காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் பாதி வேலையில் துரத்தியும் விட்டார். ஆனாலும் வேலை கிடைத்தது. முனிவேல்தான் தெரிந்த டிரைவர்களிடமெல்லாம் அவள் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பாடு, மகளின் பள்ளிக்கூடம், கரண்ட் பில் என்று தேவைக்குப் பேசினார்கள். அடுத்த வருஷம் எலத்தகிரித் தேர்த் திருவிழாவுக்குப் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே அருள்ஜோசப் சொன்னான்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுன்னு."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் அது அன்னிக்கே தெரியுமே" என்றாள் டெல்சி. "அந்த ஜெகதீஷ்கிட்ட சொல்லு. பட்டறையில சிரிச்சானுங்க பாரு, அவனுங்ககிட்ட சொல்லு."

திருவிழா முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. டெல்சி ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறாள். மன்னிப்பைப் பற்றிப் பங்குச் சாமியார் பிரசங்கம் வைக்கிற நாளில் மட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிடுகிறாள்.