லெஸ்டர் கால் வைக்கும் நேரம்

நார்மன் கோவாச் பனிக்காலத்தில், உறைபனி உருகுவதற்காகச் சாலைகளுக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறார். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருஷம் 'சால்ட் டிரக்' என்ற ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தார். அந்தப் பெயருக்கும் உப்பு லாரி என்றுதான் அர்த்தம். எண்பத்தெட்டில் ஒரு பனிப்புயலில், வழி தெரியாமல் நின்ற அவர்களுடைய வேன், முன்னால் போன உப்பு லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு சொந்த ஊரான டொலிடோவுக்கு வந்து சேர்ந்தது. அந்த நன்றிக்கு வைத்த பெயர். லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தச் சேதி பரவிவிட்டது.

"யோவ் நார்ம், அப்பவே பேண்டுக்கு 'மேயர்'னு பேரு வச்சிருக்கலாம்ல? இன்னிக்கு மேயராயிருப்ப!" என்றான் கூட லாரி ஓட்டும் டுவேன், சீட்டுக் கட்டைக் கலைத்தபடி. பத்து வருஷமாக அதையேதான் சொல்கிறான். நார்மனும் பத்து வருஷமாக அரைச் சிரிப்புச் சிரித்துவிட்டுத் தன் கைச் சீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

மனைவி இலோனா இறந்து நாலு வருஷம். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோவில் வரும் வானிலை அறிக்கைதான். அதுவும் தொழிலுக்காகக் கேட்பது. இலோனாவின் அடக்கத்துக்குப் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ்டர் வரவில்லை. அரிசோனாவிலிருந்து ஒரு தொட்டிச் செடி அனுப்பியிருந்தார். துக்க வீட்டுக்கு எல்லாரும் அனுப்புகிற செடிதான். அகன்ற இலை, வெள்ளைப் பூ. பூவோ செடியோ அனுப்பியவர்களுக்கு நன்றி அட்டை எழுதிப் போடுவது முறை. நார்மன் நாற்பத்தொரு அட்டை எழுதினார். லெஸ்டருக்கு மட்டும் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வேனில் தூங்கியவனுக்கு அட்டை போடுவதாவது, போனில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் தாமதமானால் ஏதாவது சாக்குச் சொல்லலாம். நாலு வருஷத்துக்கு என்ன சொல்வது? செடிக்கு மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்.

அக்டோபரில் மார்லா கூப்பிட்டாள். பேண்டில் பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் அவள்தான். பேண்ட் என்று இப்போது மிச்சமிருப்பதும் ஏறக்குறைய அவள்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆல்பம் போடப்போவதாகச் சொன்னாள். பத்துப் பாட்டு. தன் பங்கை லாஸ் ஏஞ்சலிஸில் முடித்துவிட்டாளாம். லெஸ்டர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து கிட்டாரைப் பதிவு செய்து அனுப்பிவிட்டாராம். டிரம்ஸ்தான் பாக்கி. டொலிடோவிலேயே, பெக்கின் ஸ்டுடியோவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம். யாரும் யாரைத் தேடியும் போக வேண்டாம், எவ்வளவு சௌகரியம் பார் என்றாள். நார்மன் சௌகரியம்தான் என்றார்.

"நார்மி, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத."

"சொல்லு."

"ரெண்டு நாள்ல சரியா வரலைன்னா இங்க ஒருத்தன் இருக்கான். நல்லா வாசிப்பான். கம்பெனிக்காரங்க மொதல்லயே அவனைப் போடச் சொன்னாங்க. நான்தான், முதல்ல நார்மி வாசிக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ரெண்டு நாள் போதும் மார்லா."

போனை வைத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குமேல் இன்னோர் ஆல்பம் வராது என்பது மூன்று பேருக்குமே தெரியும். அந்த லாஸ் ஏஞ்சலிஸ்காரனை வாசிக்கவைத்துவிட்டால் ஆல்பத்தின் அட்டையில் நார்மனின் படம் இருக்கும். உள்ளே இன்னொருவன் கை இருக்கும்.

மூன்று வாரம் வீட்டு நிலவறையில் பழகினார். முன்பெல்லாம் மூவரும் ஒரே அறையில் நின்று வாசிப்பார்கள். தாளம் பிடிக்க லெஸ்டரின் தோளைப் பார்த்தால் போதும். இப்போது மூன்று ஊர்களில் தனித்தனியே வாசித்ததைத் தைத்துச் சேர்ப்பது ஹெட்போனில் ஓயாமல் விழும் ஒரு க்ளிக் சத்தம். டிக், டிக், டிக், டிக். அதற்கு இரக்கமும் கிடையாது, கோபமும் கிடையாது. அதோடு வாசிக்க நார்மன் கற்றுக்கொண்டார். முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்.

பெக்கின் ஸ்டுடியோ முன்பு பல் மருத்துவமனையாக இருந்த கட்டடம். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்திலிருந்து பதிவு செய்கிறவள் பெக். யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாதவள். முதல் பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலால் கூப்பிட்டாள்.

"பாட்டு முழுக்கக் கோடு போட்ட மாதிரி இருக்கு. சத்தம் எழும்பற எடத்துல மட்டும் லேட்டு."

"இருக்காது."

"கேளு."

கேட்டார். கோரஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு, டிரம்ஸ் நின்றது. அதற்குள் லெஸ்டரின் கிட்டார் தனியாக முன்னால் பாய்ந்துவிட்டது. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தவன்போல டிரம்ஸ் பின்னாலேயே வந்து விழுந்தது. திரும்ப வாசித்தார். திரும்பவும் அதே. அடுத்த பாட்டிலும் அதே இடம், அதற்கடுத்ததிலும் அதே இடம். பெக் கிட்டாரை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினாள். மெல்லிய சத்தத்திலிருந்து பெரிய சத்தத்துக்கு அது நிற்காமல் தாவியது. பிறகு நார்மனின் டிரம்ஸை மட்டும் போட்டாள். அது ஓடிவந்து, நின்று, யாருக்காகவோ காத்திருந்து, பிறகு போனது.

யாருக்காக என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

தொண்ணூற்றொன்றில் அடகுக் கடையில் லெஸ்டர் ஒரு பெடல் வாங்கினார். கிட்டாரின் சத்தத்தைக் கரகரவென்று பெரிதாக்குகிற இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும். அதன் விசை இறுகிப்போயிருந்தது. மற்றவர்கள் நுனிக்காலால் தொடுவதை லெஸ்டர் பூட்ஸ் காலைத் தூக்கி, உடம்பின் எடையையெல்லாம் குதிகாலில் இறக்கி மிதிக்க வேண்டும். அந்த நேரத்தில் கை ஓடாது. அதனால் நார்மன் காத்திருப்பார். கால் இறங்கியதும் அடிப்பார். மேடைக்கு மேடை இப்படியே பழகி, ரெக்கார்டிலும் அப்படியே விழுந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பெரிய கலைநுட்பம் என்று அரைப் பக்கம் எழுதினார். அதை வேனில் மார்லா உரக்கப் படிக்க, லெஸ்டர் சிரித்துச் சிரித்துக் குடித்த காபியை மூக்கு வழியாக விட்டார்.

இதையெல்லாம் நார்மன் பெக்கிடம் சொன்னார்.

"இப்ப அங்க பெடலே கெடையாது நார்ம். சத்தத்தைக் கம்ப்யூட்டர்லயே ஏத்திக்கறாங்க. அவர் கால் தரையிலதான் இருந்திருக்கும்."

"ஆமாம். புரியுது."

"அங்க யாருமில்ல. நீ பாட்டுக்குப் போயிடு."

மறுநாள் காலையில் வந்ததும் டிரம்ஸை அப்படியே சுவர் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். லெஸ்டர் எப்போதும் நிற்பது இடது பக்கம். இப்போது இடது பக்கம் வெறும் சுவர், அதில் பல்மருத்துவர் காலத்து ஆணி ஒன்று. ஆணியைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். எங்கும் நிற்கவில்லை. மூன்று மணிக்குள் ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பெக்கே தலையை ஆட்டினாள்.

பத்தாவது, மெதுவான பாட்டு. அதைத் தொடங்குவதற்கு முன் டிரம்ஸைப் பழையபடி திருப்பலாமா என்று கேட்டார். பெக் பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தாள்.

ஒரே தடவைதான் வாசித்தார். அந்த இடம் வந்தது. நின்றார். காத்திருந்தார். போனார்.

"இது பழைய ரெக்கார்டுல இருக்கறதைவிட நீளம்" என்றாள் பெக்.

"வயசாயிடுச்சுல்ல."

"இழுத்து ஒட்டிடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் பெக். அப்படியே அனுப்பு."

பெக் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "கிட்டாரும் இதுவும் முட்டிக்கும். ஒரு பாட்டு ஒட்டலைன்னா பத்தையும் அந்த ஆளையே வாசிக்கச் சொல்லிடுவாங்க. ஒரு ஆல்பத்துல ரெண்டு பேர் கை இருந்தா நல்லாருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்த ஒன்பதையும் அவ்வளவு ஒழுங்கா வாசிச்ச?"

நார்மன் குச்சிகளைத் துணிப்பையில் போட்டுக் கட்டினார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசிக்கறப்போ ரூம்ல நான் மட்டுந்தான் இருந்தேன்."

மார்லாவிடமிருந்து இரண்டே வரி வந்தது: வந்து சேர்ந்தது, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. டிசம்பர் போனது. ஜனவரியில் கடும் பனி. நார்மன் நாள் முழுவதும் ஒரே பதினாலு மைலைப் போய்ப் போய்த் திரும்பினார். முன்னால் வெள்ளை, பின்னால் உப்பு. தேநீர் நேரத்தில் பாட்டு வந்துவிட்டதா என்று டுவேன் கேட்டான்; வரும் என்றார். அடுத்த வாரம் அவன் கேட்கவில்லை. அது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. லெஸ்டரின் எண்ணை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். போனின் வெளிச்சம் தானாக அணையும்வரை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மாதம் தொடர்ந்து நாலு நாள் ஷெட்டிலேயே படுக்க நேர்ந்தது. வீட்டுக்கு வந்தபோது செடி தொட்டி விளிம்பில் துணிபோலத் துவண்டு கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மத்தியானம் ஆவதற்குள் ஒவ்வோர் இலையாக எழுந்து நின்றது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் தட்டையான பார்சல் கிடந்தது. அட்டையில், கோடையில் புல் முளைத்த மைதானத்தில் துருப்பிடித்து நிற்கும் உப்பு லாரியின் படம். பின்பக்கம் மூன்று பெயர்களும் இருந்தன. பெயரை, வாசித்தது யாரானாலும் போடலாம். நார்மன் இசைத்தட்டைச் சுழலவிட்டுச் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தன் கைதான். முதல் பாட்டின் நாலாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. ஒன்பது பாட்டும் அவருடையதுதான். பிசகில்லாமல், சுத்தமாக, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் வாசித்ததுபோல இருந்தன.

பத்தாவது தொடங்கியது. மார்லாவின் குரலில் வயது தெரிந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க நார்மன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். கிட்டார் முன்னால் பாயப்போகிறது, இரண்டும் மோதப்போகின்றன என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டார்.

பாயவில்லை. டிரம்ஸ் நின்றபோது கிட்டாரும் நின்றது. வெறுமையில் ஒரு துணி உரசல் கேட்டது. பிறகு மரத்தரையில், இரும்பின்மேல், பூட்ஸ் குதிகால் இறங்கும் சத்தம்.

டக்.

அதன் பிறகுதான் எல்லாம் சேர்ந்து எழுந்தது.

பாட்டை முடியவிட்டார். முன்பு அனுப்பிய கிட்டாரை விட்டுவிட்டு, லெஸ்டர் அந்த இடைவெளிக்காகப் பழைய பெடலோடு மறுபடி வாசித்திருக்கிறார். ஊசியைத் தூக்கி அந்த இடத்தில் மறுபடி வைத்தார். இரண்டாவது தடவைதான் கவனித்தார்: கால் உடனே வரவில்லை. மெதுவாக, தேடித் தேடி வந்தது. டிரம்ஸ் அடுத்த அடிக்கு இறங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால்தான் வந்து சேர்ந்தது. லெஸ்டருக்கு அறுபத்துமூன்று. நார்மன் விட்ட இடைவெளி முழுவதும் அந்தக் காலுக்குத் தேவைப்பட்டிருந்தது.

மேசை இழுப்பறையில் நன்றி அட்டைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. சாம்பல் நிற ஓரம் போட்டவை, நாலு வருஷத்துப் பழசு. ஒன்றை எடுத்தார். மேலே அச்சிட்டிருந்த நன்றி வாசகத்துக்குக் கீழே வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

'செடி நல்லா இருக்கு' என்று எழுதினார். கொஞ்சம் இடம் விட்டு, 'கால் எப்படி இருக்கு?' என்று எழுதினார்.