மருந்து அறை நடை

நன்றாக இருந்த ஒரு முழங்காலைக் கெட்டுப்போன முழங்கால் என்று சொன்னேன். அந்தப் பொய்யில் ஒரு ஆட்டக்காரனுக்கு ஏழு வருடம் போயிற்று.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வேதியியல் படித்துவிட்டு, திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். கம்பெனி கால்பந்து அணிக்கும் நானே செயலாளர். எங்கள் முன்கள ஆட்டக்காரன் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தான். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும் என்பதால் காலையோடு அவன் வேலை முடியும். சாயங்காலம் மைதானத்துக்கு வரும்போதும் காதோரம் அலுமினியப் பொடி மின்னும்.

"ஏலே, சாமி செலை வந்துருச்சு, சூடம் ஏத்துங்கலே" என்று மற்றவர்கள் கத்துவார்கள்.

"ஏத்துங்க. அம்புட்டுப் பேரும் பரலோகந்தான்" என்பான்.

மதுரையில் இரண்டாம் டிவிஷன் ஆடும் ஒரு கிளப்பின் பயிற்சியாளர் அவனைப் பார்க்க வந்தார். அன்று இரண்டு கோல் போட்டான். ஆனால் பந்து இல்லாத நேரத்தில் அவன் நடப்பதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

"காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறானே சார். முழங்கால்ல ஏதும் கோளாறா?"

காரணம் எனக்குத் தெரியும். மருந்து அறையில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். தரையில் காலைத் தேய்க்கக் கூடாது. சிந்திய பொடி உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். அப்படியே நடந்து பழகியவனுக்கு வெளியிலும் அதே நடைதான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் போய்விட்டால், தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கும் மாதத்தில் நடக்கும் கோப்பை எங்களுக்கு இல்லை.

"ஆமா சார், பழைய அடி" என்றேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

வேறு ஆள் கிடைத்துவிட்டதாம் என்று அவனிடம் சொன்னேன். "சரி விடுங்க அண்ணாச்சி, நமக்குக் கோப்பை இருக்குல்ல" என்று சிரித்தான். நான்கு முறை வாங்கினோம். ஏழாயிரம்பண்ணை, எம். புதுப்பட்டி என்று கூப்பிட்ட அணிக்கெல்லாம் போய் ஆடினான். சந்தோஷமாகத்தான் இருந்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அவன் முப்பதை நெருங்கியபோது, மழை மூட்டத்தால் கம்பெனி லீவு விட்ட ஒரு நாள், டீக்கடையில் அவனாகவே கேட்டான்: "அந்த மதுரைக்காரரு எங்கிட்ட என்ன கொறை கண்டாரு அண்ணாச்சி? இன்னும் அதத்தான் நெனச்சிக்கிட்டு ஆடுறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். அதன்பின் நான் அவனுக்கு அண்ணாச்சி இல்லை, வெறும் சார்.

மதுரைக்குப் போய்ப் பயிற்சியாளரிடமும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு வயதைக் கேட்டார், மறைக்காமல் சொன்னேன். "மாற்று ஆட்டக்காரனா வேணா வரச் சொல்லுங்க" என்றார்.

அவனுடைய முதல் ஆட்டத்துக்கு அவன் கூப்பிடாமலே போனேன். கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். கோட்டைத் தாண்டி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே போனான்.

"கால்ல அடியோ?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கால் நல்லா இருக்குங்க. பட்டாசு மருந்து கலக்குறவரு. எங்க ஊர்ல அப்படித்தான் நடப்பாக."

அவன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கோல் இல்லை. அப்படியே இரண்டு சீசன் அங்கே ஆடிவிட்டு எங்கள் அணிக்கே திரும்பினான்.

அந்த முதல் நாள், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்டக்டர் எங்கள் பக்கம் வருமுன் கேட்டான்.

"ஏழு வருசத்துக்கு முந்தின்னா அந்தப் பந்து உள்ள போயிருக்கும்ல, அண்ணாச்சி?"

"போயிருக்கும்" என்றேன்.

"அப்ப டிக்கெட்ட நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.