பேஸ்போல் மைதானத்துக்கு வாங்கிய கையெழுத்து

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரில், ஹோம்புஷ் பக்கம் பேஸ்போல் அரங்கம் இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாசலில் வெண்கலத்தில் ஒரு பந்து, சுற்றிலும் பிளாஸ்டிக் புல். கொன்றவனே படத்துக்கு மாலையும் போட்ட மாதிரி.

அரங்கம் என்றாலும் பெரிய இடமில்லை. துருப்பிடித்த தகரக் கூரை, பறவை எச்சம் காய்ந்த பலகைகள். சனிக்கிழமை பின்னேரங்களில் கிளப்காரர் எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். நாங்கள் ஆடியது எல்லே. ஊரில் மூங்கில் தடியால் அடித்து ஓடுவோமே, அதேதான். அவர்கள் தந்த கையுறைகளை ஒருவரும் போடவில்லை.

எங்களில் பெரிய அடிகாரர், படகில் அகதியாக வந்த ஒருவர். மனைவியும் மகளும் இந்தியாவில் முகாமில். இவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. "கிழமையில இந்த ஒரு நாள்தான் அண்ணை நான் மனிசன்" என்பார்.

2012 கடைசியில் கட்டட நிறுவனமொன்று எங்கள் சங்கத்துக்கு ஆசை காட்டியது. அரங்கத்தை இடித்துக் கட்டும் குடியிருப்புக்கு ஆதரவாகக் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தால் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம். நான் செயலாளர். ஒவ்வொரு கலைவிழாவுக்கும் பள்ளிக்கூட மண்டபங்களுக்கு அலைந்து களைத்திருந்தேன். பல்லை இளித்துக்கொண்டு சம்மதித்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, சாப்பாட்டு வரிசையில் ஆங்கிலப் படிவத்தை நீட்டினேன். தெரிந்த முகம் நீட்டினால் எங்கள் ஆட்கள் வாசிக்க மாட்டார்கள். வாசித்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அது தெரிந்துதான் அந்த வரிசைக்குப் போனேன்.

படகில் வந்தவரும் தட்டை இடக்கையில் பிடித்தபடி பேனாவை வாங்கினார்.

"எங்கட கிரவுண்ட் விசயந்தானே அண்ணை?"

"ஓம்" என்றேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், விளக்க நேரமில்லை என்று எனக்கே கதை விட்டுக்கொண்டேன்.

கடைசியில் கிடைத்த மண்டபத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பைத்தொட்டி அறைக்குப் பக்கத்தில், இருபது கதிரை போடக்கூடிய ஒரு பெட்டி. சமைக்கக் கூடாது, மிருதங்கம் கூடாது. கதவைத் திறந்தால் பழைய டயப்பர் நாற்றம். அந்த நாற்றத்துக்காகத்தான் அவருடைய சனிக்கிழமையை விற்றேன்.

கையெழுத்து வாங்கிய அடுத்த வருடம் அரங்கத்தை இடித்த அன்று இருவரும் வேலிக்கு வெளியே நின்றோம். இயந்திரம் கூரையைக் கடித்து இழுத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இடிக்க வேண்டாமெண்டு இவ்வளவு சனம் கையெழுத்து வைச்சும் கேக்கேல்லயே. சீ, என்ன மனிசர்!"

"ஓம், கேவலம்" என்றேன். அதையும் சொன்னது இந்த வாய்தான்.

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ அண்ணை. உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள்."