டச்சப் அழித்த தழும்பு

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவளை எல்லோரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்துவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மருவை எடுப்பாள், கண்ணுக்குக் கீழுள்ள கருப்பை எடுப்பாள், கேட்காமலே பத்து வயதைக் குறைப்பாள். "இது நானா?" என்று யாராவது வாயைப் பிளந்தால், "நீங்கதான். நல்லாத் தூங்கி எழுந்தா இப்படித்தான் இருப்பீங்க" என்பாள்.

அவளுடைய அக்கா சலவை ஆலையில் இஸ்திரி மெஷினில் நின்றவள். ஒருநாள் நீராவி பீறிட்டு இடது கன்னம் வெந்துபோனது. அதன்பிறகு கன்னத்தில் கை வைக்காமல் அவள் தெருவில் இறங்கியதே இல்லை. பொல்லாத தெரு, அவளுக்குப் பல்வலி என்று பெயர் வைத்தது.

ஓட்டுப்போடப் படம் ஒட்டிய அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்ததும் ஸ்டுடியோவில் நிற்க இடமில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும் புலம்பிக்கொண்டே இருந்தார்.

"கள்ள ஓட்டுப் போடறவன் எங்கயோ ஒருத்தன். அவனப் பிடிக்க ஊரையே நிக்கவச்சு மூஞ்சியப் பாக்கணுமா?"

"மூஞ்சியக் காட்ட என்னண்ணே பயம்? தப்புப் பண்றவன்தான் பயப்படணும்" என்று டச்சப் அவர் வாயை அடைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு அவ்வளவு தெம்பு.

அக்காவையும் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். வழக்கம்போல் கை ஓடியது, தழும்பு போய்விட்டது. படத்தைத் தபாலில் அனுப்பினார்கள், அட்டை வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுதாள். மறுநாள் கையைத் தொங்கவிட்டபடி கடைக்குப் போய்வந்தாள். "இந்தத் தடவ நானும் ஓட்டுப்போட வரேன்டி" என்றாள். அதுவரை ஒரு தேர்தலுக்கும் அவள் போனதில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் வந்தது. படமும் முகமும் பொருந்தாவிட்டால் அட்டை பறிமுதல், படத்தைத் திருத்தியவர் மீது வழக்கு என்று அறிவித்துக்கொண்டே போனது. டச்சப்புக்கு இரவு சோறு இறங்கவில்லை.

"அக்கா, நாளைக்கு வேணாமே. கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டுமே. நாலு பேரு பாக்கட்டும்."



வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வாசலில் ஒரு போலீஸ்காரர். அக்கா முன்னே, டச்சப் பின்னே. வரிசை நகர நகர டச்சப் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அக்காவை விட்டுவிட்டு எங்கே போவது?

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையேம்மா."

"நான்தாங்க."

"கன்னத்துல இவ்வளவு பெரிய தழும்பு இருக்கு. படத்துல ஒண்ணுமே இல்ல. எங்க எடுத்த படம் இது?"

வாசலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். 'நான்தான் சார் அழிச்சேன்' என்ற சொல் டச்சப்பின் தொண்டைவரை வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. பயம் என்றால் அப்படியொரு பயம்.

அக்கா ஒருமுறை திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்ததோ, உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மெல்லக் கையைத் தூக்கி இடது கன்னத்தில் வைத்தாள்.

"இப்பப் பாருங்க சார்."

அதிகாரி பார்த்தார். கண், மூக்கு, மோவாய், வலது கன்னம். "ம், சரியாத்தான் இருக்கு. போங்க" என்றார்.

அடுத்தது டச்சப். அவள் அட்டையில் ஒரு பார்வைதான், தள்ளிக் கொடுத்துவிட்டார். தன் படத்தை மட்டும் அவள் திருத்தியதே இல்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் ஏது?

வெளியே வெயிலில் அக்கா காத்திருந்தாள். கை கன்னத்திலேயே இருந்தது.

"அதான் முடிஞ்சிருச்சேக்கா. கைய எடு."

"இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. "அட்டைல இருக்கறவ நான்தான்னு தெரியணுமில்ல."