மாநிறச் சுவர்

ஹாலுக்கு எந்தக் கலர் என்று பெயிண்டர் கேட்டதும், அவள் ஷேட் கார்டில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அதில் அச்சடித்திருந்த பெயர் பெயிண்டரின் வாயில் நுழையவில்லை. "காப்பிக் கலரும் இல்ல, சாம்பல் கலரும் இல்ல. இதை என்னன்னு சொல்றது, அக்கா?"

"மாநிறம்," என்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அவ பேச்சை நம்பாதய்யா. மாநிறம்னு சொல்லித்தான் இவளை என் தலையில கட்டினாங்க. டப்பாவைத் திறந்து பாத்துட்டு வாங்கு." பெயிண்டரும் பல்லைக் காட்டினான்.

இது புதிய தமாஷ் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தேய்கிற ஒரே ரிக்கார்டு. கரண்ட் போனால், "எங்கடி இருக்கே, கொஞ்சம் சிரி, தெரியட்டும்," என்பார். விருந்தாளி வந்தால் இன்னும் குஷி. நாக்கில் நரம்பில்லாத மனுஷன். அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால், ஒரு தமாஷைக்கூடத் தாங்க மாட்டாள் என்று அதற்கும் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மகள் அவளையே உரித்து வைத்திருந்தாள்; நிறத்தில் மட்டும் ஒரு பிடி தேவலை. அப்படியும் வந்து பார்த்த வரன்கள் எல்லாம் நிறத்தாலேயே தட்டிப்போயின. அடுத்த மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். இந்தப் பெயிண்டே அவர்களுக்காகத்தான். அம்மாக்காரிக்குத் துணிக்கடையில் வேலை. ஒரு துணி எடுபடாமல் மங்கலாகக் கிடந்தால், அதைவிட மங்கலான பழுப்புத் துணியை அடியில் விரித்துவிடுவாள். மேலே கிடப்பது பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவர் முன்னால் தன் முகம் பட்ட பாட்டைக் கல்யாண போட்டோவில் பார்த்தவள் அவள். மகளுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தாள்.

சுவர் காய்ந்ததும் மகளிடம் அந்தக் கடை வித்தையைச் சொன்னாள். மகள் கைக்கண்ணாடியோடு சுவரை ஒட்டி நின்று பார்த்தாள். "பரவாயில்லம்மா," என்றாள். கடைத்தெருவில் அம்மாவோடு சேர்ந்து நடக்கக் கூசுகிற பெண் அது. எப்போதும் தெரியாதவள் போல முன்னால் போய்விடும். அந்த வாயிலிருந்து ஒரு 'பரவாயில்ல' வந்ததே அவளுக்குப் பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். யாரும் சொல்லாமலேயே அவள் சமையலறையில் ஒதுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மகளே உள்ளே வந்தாள்.

"அம்மா, ஹாலுக்கு வா. என் பக்கத்துல நில்லு."

"நானா? அப்பா திட்டுவாரும்மா."

"நான் சொல்றேன்ல, வா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மகள் அவள் தோளோடு தோளை ஒட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் போன வயதுக்கு அப்புறம் அந்தப் பெண் அவளை இப்படி ஒட்டி நின்றதில்லை. பையனின் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு அம்மா மாதிரி இல்ல. நல்ல நிறமாத்தான் இருக்கா," என்றார். புருஷன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் கிளம்பினார்கள். அவளுக்கோ சம்பந்தம் கூடியதைவிட அந்தத் தோள் பட்டதுதான் நெஞ்சை நிறைத்தது. வண்டி தெருமுனை திரும்பியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை பேர் முன்னால என்னையும் கூப்பிட்டியே, கண்ணு."

மகள் கையை உருவிக்கொண்டாள்.

"சுவர் மட்டும் பத்தலம்மா," என்றாள்.